ஸ்வீட்டி ஏன் கடிக்கிறது?

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 23 வயது. கிரகரி வாவிப் பக்கம் மட்டக்குதிரையில் சவாரி ஏற்றித்தான் எங்கள் குடும்பம் சாப்பிடுகிறது. எங்களிடம் இரண்டு குதிரை இருந்தது. தீபாவளிக்கு முதல் வாரம் பெரியது வயிற்று வலி வந்து ஒரே ராத்திரியில் செத்துவிட்டது. இப்போது இருப்பது ஸ்வீட்டி மட்டும்தான். பொட்டைக் குதிரை, 9 வயது. நாலு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை. இந்த மூன்று மாதமாகத்தான் குணமே மாறிவிட்டது. சேணத்தைக் கண்டாலே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. வயிற்று வாரை இழுத்தால் பின்னங்காலைத் தூக்குகிறது. செத்த குதிரையின் சேணம் நல்ல சேணம், இப்போது அதைத்தான் போடுகிறோம், இருந்தும் இப்படி. மெலிந்துபோகிறது என்று தவிட்டையும் கூட்டித்தான் வைக்கிறோம். போன ஞாயிறு ஒரு சின்னப் பையனை ஏற்றிக்கொண்டு போகும்போது நடுவழியில் நின்று, பின்னாலேயே போய், முன்னங்காலைத் தூக்கிவிட்டது. நான் பிடித்ததால் பையன் விழவில்லை. நாலு அடி போட்டால் பணியும் என்கிறார் அப்பா. விற்றுவிடு என்கிறார் மாமா. பெயர் ஸ்வீட்டி, குணம் கொச்சிக்காய் என்று பக்கத்துக் குதிரைக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஏப்ரல் சீசன் வேறு வருகிறது. நான் என்ன செய்ய?

– ஒரு வாசகர், நுவரெலியா

பதில்: தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். இதைப் படிக்கும் நிமிடத்திலிருந்து ஸ்வீட்டியின் முதுகில் யாரையும் ஏற்றாதீர்கள். பெரியவர்களும் வேண்டாம்; சின்னப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் பையனைப் பிடித்தது உங்கள் கெட்டித்தனம், பாதி அதிர்ஷ்டம். முன்னங்காலைத் தூக்கும் குதிரை சில நேரம் நிலை தவறி மல்லாந்தே விழுந்துவிடும். 250 கிலோ உடம்பு ஒரு பிள்ளையின் மேல் விழுந்த பிறகு எனக்குக் கடிதம் எழுதிப் பிரயோசனமில்லை.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். அதை மூன்று தரம் படித்தேன். கேள்வியைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். பதிலை நடுவிலேயே நீங்களே எழுதிவைத்திருக்கிறீர்கள். நாலு வருடம் ஒழுங்காக இருந்த குதிரை தீபாவளிக்குப் பிறகு மாறியது என்றால், தீபாவளியோடு வேறென்னவெல்லாம் மாறியது என்று பார்க்க வேண்டும். சேணம் மாறியிருக்கிறது. தீனி மாறியிருக்கிறது. கூட நின்ற குதிரை இல்லை. நீங்கள் எழுதாத ஒன்றையும் ஊகிக்கிறேன்: முன்பு இரண்டு குதிரை ஓடிய ஓட்டத்தை இப்போது ஒன்றே ஓடுகிறது.

குதிரை வலியை லேசில் காட்டாது. காட்டில் வாழ்ந்த காலத்தில் நொண்டுகிற குதிரையைத்தான் புலியும் ஓநாயும் முதலில் குறிவைத்திருக்கும். அந்தப் பயம் அதன் இரத்தத்தில் இருக்கிறது. அதனால் முடிந்தவரை மறைக்கும். முதலில் தலையைத் திருப்பிச் சேணத்தைப் பார்க்கும். அப்புறம் காதைப் பின்னால் சாய்க்கும், மூக்குத் துவாரத்தை இறுக்கும், ஈ இல்லாமலே வாலைச் சுழற்றும். இதெல்லாம் அது மரியாதையாகச் சொல்லிப் பார்ப்பது. யாரும் கேட்கவில்லை என்றால்தான் பல்லும் காலும் வரும். ஸ்வீட்டி நவம்பர் மாதமே சொல்லியிருக்கும். சீசன் இல்லாத மழைக்காலம், இருக்கிற ஒரு குதிரையை வைத்துச் சமாளிக்க வேண்டிய நேரம், உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை.

சேணத்திலிருந்து தொடங்குவோம். என் சந்தேகத்தில் பெரிய பங்கு அதன் மேல்தான்.

செத்தது "பெரிய" குதிரை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய குதிரையின் முதுகு அகலம். அதற்குப் பொருந்திய சேணம் சின்ன முதுகில் கீழே இறங்கி, தோளுக்கு மேலே பிடரி முடிகிற எலும்பு மேட்டில் போய்க் குந்தும். அந்த மேட்டில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை கிடையாது. அண்ணனின் சப்பாத்தைத் தம்பி போட்டுக்கொண்டு தோட்டத்து ஏற்றத்தில் கொழுந்துக் கூடை சுமப்பதை நினைத்துப் பாருங்கள். சேணம் நல்ல சேணம்தான். ஸ்வீட்டிக்கு நல்லதா என்பதுதான் கேள்வி.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கீழே துணியோ சாக்கோ போடாமல் சேணத்தை மட்டும் வைத்து, முன் வளைவுக்கும் அந்த எலும்பு மேட்டுக்கும் நடுவே விரல்களை விடுங்கள். இரண்டு, மூன்று விரல் தாராளமாகப் போக வேண்டும். ஆள் ஏறாமலே ஒரு விரல்தான் போகிறது என்றால், ஆள் ஏறினதும் அதுவும் போகாது. பின்னால் நின்று பார்த்தால் முதுகுத்தண்டின் மேல் ஒரு சுரங்கம் போல வெளிச்சம் தெரிய வேண்டும். அடுத்தது, முதுகில் வெள்ளை மயிர் புதிதாக முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட நாள் அழுத்தம் வாங்கின இடத்தில் மயிர் வெள்ளையாகத்தான் திரும்ப முளைக்கும். கடைசியாக, முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் நாலு விரல் தள்ளி, மேட்டிலிருந்து இடுப்பு வரை விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். கத்திரிக்காயை முற்றலா என்று பார்க்கிற அளவு அழுத்தம் போதும். ஓர் இடத்தில் முதுகை நெளித்தால், தோல் துடித்தால், தலை திரும்பினால், அந்த இடத்தில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சேணத்தை வைத்துப் பாருங்கள். கோடும் சேணம் உட்காரும் இடமும் ஒன்றாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இதைச் செய்யும்போது அப்பா தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நிற்கும் அதே பக்கத்தில் நிற்கட்டும். குதிரை திமிறினால் அவர் தலையைத் தன் பக்கம் இழுப்பார். பின்பக்கம் உங்களை விட்டு விலகிப் போகும்.

வாரையும் பாருங்கள். முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் தோல் மடிந்து நசுங்கிப் புண்ணாகியிருக்கலாம். உண்ணி கடித்த புண்ணும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வார் இழுக்கும்போது கால் தூக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும். அது நாளில் 14, 16 மணித்தியாலம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்த பிராணி. நம்மைப் போல மூன்று வேளைச் சாப்பாடு அதற்குச் சரிவராது. வாவிக் கரையில் காலை எட்டு மணிக்குக் கட்டினால் பின்னேரம் ஐந்து மணி வரை வாயில் ஒரு பிடி புல் கிடையாது. நடுவில் யாரோ நீட்டின கரட் ஒன்று இரண்டு. வெறும் வயிற்றில் நடக்கும்போது அமிலம் மேலே தெறித்து இரைப்பையைப் புண்ணாக்கும். அதன் மேல் வாரை இறுக்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? வேலைக்குப் போகும் முன் இரண்டு பிடி புல் வையுங்கள். கட்டிய இடத்தில் எப்போதும் புல் கிடக்கட்டும். 250 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோ பச்சைப் புல் வேண்டும். உள்ளங்கையில் அள்ளி வைத்துவிட்டுப் போட்டேன் என்று சொல்லக் கூடாது.

மெலிவதற்குத் தவிடு கொடுத்தீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் குறைவு. நுவரெலியாவில் நீங்கள் வெட்டுவது பெரும்பாலும் கிக்கியு புல்லாக இருக்கும். அதில் உள்ள ஒக்சலேட், புல்லில் இருக்கிற கல்சியத்தையும் குதிரைக்குக் கிடைக்க விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால் என்று இடம் மாறி மாறி நொண்டும், நடக்கவே சோம்பும். முற்றினால் முகத்து எலும்பு வீங்கிவிடும். அந்தக் காலத்து மாவு மில்களில் வேலை செய்த குதிரைகளுக்கு இது வந்ததால் வெள்ளைக்காரர்கள் இதற்கு மில்காரர் நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள். கிக்கியு புல் மாட்டுக்கு இந்த அளவு கெடுதி செய்யாது. மாட்டின் முதல் வயிற்றில் உள்ள கிருமிகள் ஒக்சலேட்டை உடைத்துவிடும். நம் ஊரில் குதிரைத் தீனி மாட்டுத் தீனியைப் பார்த்துத்தான் போடப்படுகிறது, வில்லங்கம் அங்கேதான். தவிட்டை ஒரே நாளில் நிறுத்தாமல் பத்து நாளில் குறையுங்கள், திடீர் மாற்றம் வயிற்று வலியைக் கொண்டுவரும். புல்லில் வேறு வகையும் கலக்கட்டும். கல்சியத் தூள் எவ்வளவு என்று மிருக வைத்தியர் சொல்வார். சுண்ணாம்புதானே என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், வாயும் தொண்டையும் வெந்துபோகும். ஒரு தோட்டத்தில் இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மெலிவுக்குப் பல்லும் காரணமாக இருக்கலாம். குதிரையின் கடைவாய்ப் பல் வயதானாலும் மேலே வந்துகொண்டே இருக்கும். தேயத் தேய ஓரங்கள் கத்தி போலாகிக் கன்னத்தைக் கிழிக்கும். மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்புகிறதா, சாணத்தில் முழுத் தானியம் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் வாயில் கடிவாளமே வலிதான். பல் அராவுவது மயக்க ஊசி போட்டு வைத்தியர் செய்கிற வேலை, நீங்கள் கையை உள்ளே விட வேண்டாம். குளம்பையும் தூக்கிப் பாருங்கள். நம் மழைக்கும் ஈரத் தரைக்கும் அடிப்பாதத்தின் முக்கோணச் சதை அழுகிக் கறுப்பாகி நாறும்.

இத்தனை ஈரத்திலும் குளிரிலும் குதிரை நிற்கிற இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குதிரை லாயத்துக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் ஓர் எழுத்துக் காலுதான் வித்தியாசம். ஒழுகுகிற கூரையும் ஈரச் சீமெந்துத் தரையும் இரண்டுக்கும் பொது என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரையில் காய்ந்த மரத்தூளோ வைக்கோலோ போட முடிந்தால் போடுங்கள், பூஞ்சணம் பிடித்தது வேண்டாம்.

இனி அப்பா சொல்லும் அடி. அப்பாவை நான் எதிர்த்துப் பேச வரவில்லை, அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பழக்கினார்கள். அடித்தால் ஸ்வீட்டி பணியவும் கூடும். ஆனால் எதை விடும் தெரியுமா? காதை மடக்குவதை விடும். வாலைச் சுழற்றுவதை விடும். எச்சரிக்கை கொடுத்தால் அடி விழுகிறது என்று கற்றுக்கொண்ட குதிரை, எச்சரிக்கையில்லாமல் நேராக உதைக்கும். வலி அப்படியே இருக்கும், அறிவிப்புப் பலகையை மட்டும் பிடுங்கி எறிந்திருப்பீர்கள். நான் பார்த்த மோசமான காயங்கள் எல்லாம் "ரொம்பச் சாது, திடீரென்று உதைத்தது" என்று சொல்லப்பட்ட குதிரைகளால் வந்தவை. அதோடு, குற்றம் செய்து இரண்டு விநாடி கழித்து விழுகிற அடி எதற்கு என்று குதிரைக்கு விளங்காது. உங்கள் கையைப் பற்றித்தான் அது கற்றுக்கொள்ளும்.

நீங்கள் நிற்கும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் நானே அடிபட்டவன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மட்டக்குதிரைக்குப் பின்னால் ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தூரமாக நிற்பதாக நினைப்பு. தொடையில் விழுந்தது, இரண்டு கிழமை நொண்டினேன். உதை முழு வேகம் எடுக்கிற தூரம் அதுதான். ஒன்றில் பின்பக்கத்தோடு உரசிக்கொண்டு, கையை அதன் உடம்பில் வைத்தபடி, பேசிக்கொண்டே கடந்து போக வேண்டும். அல்லது மூன்று நாலு மீற்றர் விலகிப் போக வேண்டும். ஸ்வீட்டி இப்போது இருக்கிற நிலையில் விலகித்தான் போக வேண்டும். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும். தெரியாத இடம் இரண்டு: வாலுக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும். பயணிகள் செல்ஃபி எடுக்க வந்து நிற்கிற இடங்களும் அவைதான். இடது தோள் பக்கமாக, பெயர் சொல்லிக்கொண்டு கிட்டப் போங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். மிரண்ட குதிரை சுற்றின கயிற்றோடு விரலையும் கொண்டுபோய்விடும். கடிவாளத்தில் கட்ட வேண்டாம், தலைக்கயிற்றில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். ரப்பர் செருப்போடு குதிரை பிடிக்கிற பழக்கத்தை இன்றே விடுங்கள்.

கடிப்பதில் கரட்டுக்கும் பங்கிருக்கிறது. கையிலிருந்து கரட் வரும் என்று பழகின குதிரை, கரட் வராத கையைக் கவ்விப் பார்க்கும். நுவரெலியாவில் கரட்டுக்கா பஞ்சம்? கொடுக்கட்டும், ஆனால் வாளியில் போடச் சொல்லுங்கள். யாரையாவது கடித்து இரத்தம் வந்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்புவலி ஊசி உங்களுக்கும் வேண்டும், குதிரைக்கும் வேண்டும். விசர்நாய் கடித்தால் குதிரைக்கும் நீர்வெறுப்பு நோய் வரும். அது சில நாட்களுக்குள் வெறி, எச்சில் வடிதல், கால் தள்ளாட்டம் என்று வேகமாகப் போகும். ஸ்வீட்டியின் கதை மூன்று மாதக் கதை என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் யாரையும் கிட்ட விடாமல் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

நடுவழியில் நின்றது ஏன் என்று கேட்கலாம். வலி ஒரு பாதி. மறு பாதி, தனிமை. குதிரை கூட்டத்தில் வாழ்கிற பிராணி. ஒன்று தூங்க ஒன்று காவல் நிற்கும். நாலு வருடம் பக்கத்தில் நின்றது ஒரே இரவில் காணாமல் போனால், அதன் பிறகு எல்லாக் காவலையும் தானே பார்க்க வேண்டும். முன்பு கண்டுகொள்ளாத சத்தம் இப்போது ஆபத்தாகத் தெரியும். கிரகரி துரை 1873இல் வாவியை அமைத்தபோது அதில் ஜெட் ஸ்கீ ஓடவில்லை, இப்போது ஓடுகிறது. பக்கத்துக் குதிரைக்காரரிடம் பேசி, இரவில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரிக் கட்ட முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் ஒரு வெள்ளாடு. சிரிக்காதீர்கள், ஆட்டோடு கூட்டுச் சேர்ந்து அமைதியான குதிரைகள் உண்டு.

வலி போன பிறகும் ஞாபகம் இருக்கும். அதனால் பொருத்தமான சேணம் கிடைத்த அன்றே எல்லாம் சரியாகாது. முதுகுக்கு ஒரு மாதமாவது ஓய்வு கொடுத்துவிட்டு இப்படித் தொடங்குங்கள். சேணத்தைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். காது பின்னால் சாயும் தூரத்துக்கு ஓரடி முன்னாலேயே நில்லுங்கள். அது மூச்சை விட்டு, தலையைத் தாழ்த்தி, வாயை மென்றதும் சேணத்தோடு திரும்பிப் போய்விடுங்கள். அமைதியாக நின்றால் சேணம் போய்விடுகிறது என்பதை அது கற்கட்டும். இதுவரை கற்றது நேர் எதிர்: கடித்தால்தான் ஆள் விலகுகிறான். ஒரு தரம் ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தரம். முதுகில் வைக்கும் நாள் வந்தால் வைத்து உடனே எடுங்கள். வாரை ஒரு துளையில் மாட்டி, பத்தடி நடத்தி, அப்புறம் அடுத்த துளை. நன்றாக நின்றால் பிடரி முடிகிற மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்கிற இடம் அதுதான். பொறுமை தீர்ந்த நாளில் தொடவே வேண்டாம், வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடியுங்கள்.

மறுபடி சவாரி தொடங்கும் காலத்தில் பாரக் கணக்கும் வேண்டும். தையல்காரரின் அளவுநாடாவால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்பக்க முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு வரும், அளவு சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். சுற்றளவு 145, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 248 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ, அது தாங்கக்கூடிய உச்சம். சேணம் 8 கிலோ போனால் மிச்சம் 42. கொழும்பிலிருந்து வருகிற 80 கிலோ ஐயா எவ்வளவு காசு நீட்டினாலும் ஏற்ற முடியாது. பிள்ளை ஏறினால் தலைக்கவசம், கயிறு பிடிக்க ஓர் ஆள், பக்கத்தில் நடக்க ஓர் ஆள். பிள்ளையைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். குதிரை நின்றுவிட்டால் முன்னால் நின்று இழுக்க வேண்டாம். பக்கத்தில் நின்று பிள்ளையை இறக்கிவிட்டு, தலையைத் திருப்பிச் சின்ன வட்டமாக நடத்துங்கள்.

ஏப்ரலுக்குள் சரியாகுமா? என் மதிப்பில் ஆகாது. ஒரு சீசன் வருமானம் உங்கள் வீட்டுக்கு என்ன என்று எனக்குத் தெரியும், ரேஸ்கோர்ஸ் பக்கம் கூட்டம் வழியும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது லேசல்ல. அந்த மாதம் பக்கத்துக் குதிரைக்காரருக்குக் கயிறு பிடிக்கப் போங்கள், பாதிக் காசாவது வரும். மாமா சொல்கிறபடி விற்பதென்றால், கடிக்கும், உதைக்கும், முன்னங்கால் தூக்கும் என்று மூன்றையும் சொல்லி விற்க முடிந்தால் விற்கச் சொல்லுங்கள். மறைத்து விற்றால் வேறொருவர் பிள்ளை ஏறும். எல்லாம் செய்து பார்த்தும் மாறாத குதிரையும் உண்டு; அப்படியானால் அது இனிச் சவாரிக்கு ஆகாது என்று நானே சொல்வேன். இப்போது அந்த இடத்துக்கு வரவில்லை.

இந்த வாரமே உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்தியரைப் பார்த்து முதுகு, பல், குளம்பு மூன்றையும் காட்டுங்கள். அவரால் முடியாததற்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். போகும்போது அந்தச் சேணத்தையும் கட்டாயம் எடுத்துக்கொண்டு போங்கள். லொறி கிடைக்காமல் ஸ்வீட்டியைக் கொண்டுபோக முடியாவிட்டால், முதல் தரம் சேணத்தையும், முதுகை மேலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த படத்தையும் மட்டுமாவது கொண்டுபோய்க் காட்டுங்கள்.